ஜிப்லி படங்கள் எங்கிருந்து வந்தன? உந்துதலும் நகலும் பிரியும் இடம்

2025 மார்ச் கடைசியில் செயற்கை நுண்ணறிவுச் சேவையான சாட்ஜிபிடியில் புதிய படம் உருவாக்கும் வசதி வந்ததும், சில நாட்களிலேயே வாட்ஸ்அப் முகப்புப் படங்கள் பலவும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. கல்யாணப் படம், குழந்தையின் பிறந்தநாள் படம், அரசியல் தலைவர்கள், பழைய சினிமா ஸ்டில்கள் என எல்லாமே ஜப்பானிய அனிமேஷன் ஸ்டுடியோவான ஜிப்லியின் படங்களைப் போல, ‘ஜிப்லி பாணி’க்கு மாறின. கூடவே சண்டையும் வந்தது. ஒரு தரப்பு இதைத் திருட்டு என்றது. இன்னொரு தரப்பு, “ஜிப்லிக்காரர்களும் ஐரோப்பிய ஊர்களையும் பழைய கட்டிடங்களையும் பார்த்துத்தானே வரைந்தார்கள்? அது உந்துதல், இது மட்டும் திருட்டா?” என்று கேட்டது.

இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பெரும்பாலோர் அதற்குப் பதில் சொல்லாமலே கடந்துவிட்டார்கள். பதில் வேண்டுமானால், அந்த ஸ்டுடியோவின் கலைஞர்கள் ஒரு ஊரையோ, கட்டிடத்தையோ, தொலைக்காட்சித் தொடரையோ பார்த்தபோது அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். தோற்றத்தை எடுத்தார்கள், உண்மைதான். அதைவிட அதிகமாக எடுத்தது அந்தத் தோற்றத்துக்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டை: அங்கே யார் வேலை செய்கிறார்கள், எப்படி நடமாடுகிறார்கள், அந்தச் சுவர் ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது.

## முதலில் நான்கு சொற்கள்

1. பாணி. கோடு, நிறம், முக அமைப்பு, வெளிச்சம் ஆகியவற்றை ஒருவரோ ஒரு குழுவோ தொடர்ந்து கையாளும் விதம். படத்தைப் பார்த்த மறுகணமே நம் கண்ணில் படுவது இதுதான்.

2. இடம் பார்த்தல். நம் சினிமாவில் லொக்கேஷன் பார்க்கப் போவார்கள். ஜப்பானிய அனிமேஷன் துறையிலும் அந்த வழக்கம் உண்டு. அங்கே படப்பிடிப்பு நடக்கப்போவதில்லை என்பதுதான் வித்தியாசம். நோட்டுப் புத்தகமும் கேமராவுமாகப் போய், ஊரைச் சுற்றி, குறிப்பெடுத்துத் திரும்புவார்கள்.

3. லேஅவுட். ஒவ்வொரு ஷாட்டுக்கும் வரையப்படும் அடிப்படை வரைபடம். கேமரா எங்கே இருக்கிறது, கூரை எந்தக் கோணத்தில் சரிகிறது, பாத்திரம் எந்த வாசலில் நுழைந்து எங்கே போய் நிற்கிறது என்பதெல்லாம் இதில் முடிவாகிவிடும். இதை வைத்துக்கொண்டு அசைவு வரைபவரும் பின்னணி வரைபவரும் தனித்தனியாக வேலை பார்க்கலாம். கடைசியில் இரண்டும் பொருந்தும்.

4. பின்னணி ஓவியம். பாத்திரங்களுக்குப் பின்னால் இருக்கும் வீடு, தெரு, மரம், வானம். அனிமேஷனில் கட்டிடக்கலை குடியிருப்பது லேஅவுட்டிலும் பின்னணியிலும்தான்.

## தொலைக்காட்சி விதித்த எல்லை

கதை ஜிப்லிக்கு முன்பே தொடங்குகிறது. 1963 ஜனவரியில் ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் வாரம் அரை மணி நேரத் தொடராக வந்தது. திரையில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. அத்தனைக்கும் புதிதாக வரைய வாரத் தொடரில் நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் ஒரே ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டு ஓவியத்தில் சமாளிப்பது வழக்கமானது. உடல் அசையாது, வாய் மட்டும் அசையும். ஓடுகிற ஓவியத்தையே மறுபடி மறுபடி பயன்படுத்துவார்கள்.

அசைவைக் குறைத்தாக வேண்டும் என்றால், பார்ப்பவரை அந்த உலகத்துக்குள் எதைக் கொண்டு பிடித்து வைப்பது? மலைமேல் தாத்தாவோடு வாழும் சிறுமியின் கதையாக 1974-இல் ஃபுஜி தொலைக்காட்சியில் வந்த ‘ஹைடி’ தொடர் இதற்கு ஒரு நல்ல பதிலைக் கண்டுபிடித்தது. இயக்குநர் இசாவோ தகஹாதா, லேஅவுட் ஹயாவோ மியாசாகி, பாத்திர வடிவமைப்பு யோயிச்சி கொதாபே. தகஹாதா, மியாசாகி உள்ளிட்டோர் ஸ்டுடியோ ஜிப்லியைத் தொடங்க இன்னும் 11 வருடம் இருந்தது. 1973-இல் இவர்கள் கதை நடக்கும் சுவிட்சர்லாந்துக்கே இடம் பார்க்கப் போனார்கள். தொலைக்காட்சிக் கார்ட்டூன் ஒன்றுக்காக வெளிநாடு போய் இடம் பார்ப்பது அன்று அரிதான செலவு.

அதன் பலன் 52 பகுதிகளிலும் தெரிகிறது. மலைமேல் தாத்தாவின் குடிசை, பரணில் வைக்கோல் படுக்கை, அதற்கு ஏறும் ஏணி, படுத்தபடியே பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு சன்னல், தீயில் உருகும் பாலாடைக்கட்டி. இவற்றின் விதை மூலக் கதையிலேயே இருக்கிறது. தொடர் செய்தது, அந்த வீட்டை அளவெடுத்ததுபோல் நிலைநிறுத்தியது. எந்தப் பகுதியில் பார்த்தாலும் ஏணி அதே இடத்தில், அடுப்பு அதே மூலையில். கிட்டத்தட்ட எல்லா ஷாட்டுக்கும் மியாசாகி ஒருவரே லேஅவுட் வரைந்ததால்தான் இது சாத்தியமானது. சில வாரத்தில் பார்ப்பவருக்கே அந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்ற உணர்வு வந்துவிடும். பிற்காலத்தில் ‘ஜிப்லி உணர்வு’ என்று நாம் சொல்லத் தொடங்கியதில் பெரும்பகுதி இந்தத் தொலைக்காட்சி நெருக்கடியில் பிறந்தது என்றே நினைக்கிறேன்.

## விஸ்பி: 18 வருடம் காத்திருந்த ஊர்

அனிமேஷன், கட்டிடம், தொலைக்காட்சி மூன்றும் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்ட உதாரணம் விஸ்பி. பால்டிக் கடலில் சுவீடனுக்குச் சொந்தமான கோட்லாந்து தீவில் உள்ள ஊர். இடைக்காலத்தில் கட்டிய மதில் சுமார் மூன்றரை கிலோமீட்டருக்கு இன்றும் ஊரைச் சுற்றி நிற்கிறது. ஊர் கடலை நோக்கிச் சரிவதால், மேட்டில் நின்றால் ஓட்டுக் கூரைகள் படிப்படியாக இறங்குவதும் அவற்றுக்கு அப்பால் கடலும் தெரியும்.

எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் ‘பிப்பி’ என்ற குறும்புக்காரச் சிறுமியின் கதை 1969-இல் சுவீடன் தொலைக்காட்சியில் தொடராக வந்தது. அதன் தெருக்காட்சிகளை விஸ்பியில் எடுத்தார்கள். அதே கதையை அனிமேஷனாகச் செய்ய ஜப்பானிய நிறுவனம் ஒன்று விரும்பியது. 1971-இல் அனுமதி கேட்கச் சுவீடனுக்குப் போனவர்களில் இளைஞர் மியாசாகியும் ஒருவர். அனுமதி கிடைக்கவில்லை, திட்டம் நின்றது. ஆனால் விஸ்பியின் தெருக்களை அவர் பார்த்துவிட்டார்.

அப்புறம் நடந்தது இரண்டு கட்டம். பிப்பிக்காகப் போட்டு வைத்திருந்த யோசனைகளில் சில, 1972-இல் வந்த ‘பாண்டா கோபாண்டா’ குறும்படத்துக்குள் போயின. அதில் வரும் சிவப்புச் சடைச் சிறுமியைப் பார்த்தாலே பிப்பியின் சாயல் தெரியும். ஊர் மட்டும் காத்திருந்தது. 1989-இல் வெளியான ‘கிகியின் டெலிவரி சர்வீஸ்’ படத்துக்காக ஜிப்லி குழு ஸ்டாக்ஹோமுக்கும் விஸ்பிக்கும் இடம் பார்க்கப் போனது. 13 வயது சூனியக்காரச் சிறுமி ஒருத்தி, துடைப்பத்தில் பறந்து, தெரியாத துறைமுக ஊருக்கு வந்து பிழைக்கும் கதை அது.

படத்தில் வரும் ஊரை விஸ்பி என்று சொல்ல முடியாது. அது பெரிய நகரம். நடுவே மணிக்கூண்டு, சாலை நிறைய வண்டிகள். விஸ்பியின் மதிலும் ஸ்டாக்ஹோமின் பழைய நகரப் பகுதியும் வேறு ஐரோப்பிய ஊர்களின் துண்டுகளும் கலந்த கற்பனை ஊர். பறந்து வரும் பெண்ணுக்கு ஊரின் முகம் அதன் கூரைதான் என்பதால், சரிவில் இறங்கும் கூரைகளும் கடலும் கதைக்கு அப்படியே பொருந்தின.

இதைவிட முக்கியமான ஒன்று அந்தப் படத்தின் பேக்கரியில் இருக்கிறது. கிகிக்குக் கிடைக்கும் அறை பேக்கரியின் பின்கட்டில், மாடியில். மாவுத்தூசி படிந்த சாமான் அறை. வெளிப்படிக்கட்டில் ஏறித்தான் போக வேண்டும். கழிப்பறையோ கீழே, முற்றத்தைத் தாண்டி. முதல் நாள் காலையில் அவள் கீழே இறங்கிக் கழிப்பறைக்குப் போகிறாள். வெளியே வரும்போது பேக்கரிக்காரர் முற்றத்தில் வந்து நின்று சோம்பல் முறிக்கிறார். அவர் உள்ளே போகும்வரை கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்து, பிறகு ஒரே ஓட்டமாக மாடிக்கு ஓடுகிறாள். வசனமே இல்லை. புது ஊரில், அடுத்தவர் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் கூச்சம் முழுவதும் அந்த வீட்டின் அமைப்பிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. மாடியறைக்குள்ளேயே கழிப்பறை வைத்து வரைந்திருந்தால் இந்தக் காட்சியே கிடையாது.

## இழுப்பறைச் சுவரிலிருந்து ஆறு கைகள்

தோக்கியோவின் மேற்கே கொகானேயில் ஜிப்லி ஸ்டுடியோ இருக்கிறது. அதே ஊரில் 1993-இல் திறந்தவெளிக் கட்டிட அருங்காட்சியகம் ஒன்று தொடங்கியது. இடிபட இருந்த பழைய வீடுகளையும் கடைகளையும் பிரித்தெடுத்து வந்து, அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். எடோ-தோக்கியோ திறந்தவெளிக் கட்டிட அருங்காட்சியகம் என்பார்கள். மியாசாகி அடிக்கடி போய் வந்த இடம்; அதன் சின்னமான கம்பளிப்பூச்சியை வரைந்ததும் அவர்தான்.

அங்கே தகேய் சான்ஷோதோ என்றொரு எழுதுபொருள் கடை இருக்கிறது. 1923 பெருநிலநடுக்கத்துக்குப் பின், 1927-இல் கட்டியது. உள்ளே நுழைந்தால் சுவரே தெரியாது. தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன மர இழுப்பறைகள், சுமார் 350. தூரிகை, மை, காகிதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிடம்.

2001-இல் வந்த ஜிப்லியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படம் ஆவிகள் வந்து குளிக்கும் விடுதி ஒன்றில் நடக்கிறது. அங்கே கொதிகலன் அறைக் கிழவர் கமாஜியின் பின்னால் இருக்கும் மூலிகை இழுப்பறைச் சுவருக்கு மாதிரி இந்தக் கடைதான். கடையைப் பார்த்துவிட்டு அதே அறையை வரைந்திருந்தால் அழகான பின்னணி ஒன்று கிடைத்திருக்கும், அவ்வளவே. கமாஜிக்கு ஆறு கைகள். வேண்டிய தூரத்துக்கு நீளும். உட்கார்ந்த இடத்திலிருந்தே உச்சி இழுப்பறையைத் திறப்பார், இன்னொரு கையால் மூலிகையை அரைப்பார், வேறொரு கையால் வேறு வேலை. அப்படிப்பட்ட சுவரைப் பார்க்கும் எவருக்கும் “மேல் வரிசையை யார் எட்டித் திறப்பார்கள்?” என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்கும் உடல்தான் கமாஜி என்பது என் வாசிப்பு. கைகள் முதலில் தோன்றினவா, சுவர் முதலில் வந்ததா என்பதைவிட, இரண்டும் ஒன்றுக்காக ஒன்று செய்ததுபோல் இருப்பதே இங்கே முக்கியம்.

படத்தின் பெரிய குளியல் விடுதிக்கும் ஒரே மாதிரி கிடையாது. அதே அருங்காட்சியகத்தில் 1929-ஆம் ஆண்டு பொதுக் குளியல் கூடம் ஒன்று இருக்கிறது. மத்சுயாமா நகரில் 1894-இல் கட்டிய தோகோ வெந்நீர் விடுதி இன்னொரு மூலமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போவது தைவானின் ஜியூஃபென் மலையூருக்கு, சிவப்பு விளக்குத் தொங்கும் தேநீர்க் கடையைப் பார்க்க. அந்த ஊர் தன் படத்துக்கு மாதிரி இல்லை என்று மியாசாகியே தைவான் தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லிவிட்டார். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. ஒரு படத்துக்கு ஒரே ஒரு ‘அசல் இடம்’ இருந்தாக வேண்டும் என்ற நினைப்பே இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

இடத்தோடு அங்குள்ள மனிதர்களும் வருவார்கள் என்பதற்கு 1986-இல் வந்த ஜிப்லி படமான ‘லபுதா’ சாட்சி. அதற்காக மியாசாகி வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்களைப் பார்க்கப் போனபோது, 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்று அடங்கிய காலம். தங்கள் பிழைப்புக்காகக் கடைசிவரை போராடியவர்கள்மீது தனக்கு ஏற்பட்ட மதிப்பை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படத்தின் தொடக்கத்தில் பள்ளத்தாக்குச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளும், வேற்றாள் வந்து மிரட்டினால் தெருவே திரண்டு நிற்பதும் சேர்ந்தேதான் வருகின்றன.

## நம் பக்கத்தில் ஒரு சான்று

2025 ஜனவரியில் தமிழ் உட்படச் சில மொழிகளில் நம் தியேட்டர்களுக்கு வந்த ஜப்பான்-இந்திய ராமாயண அனிமேஷன் 1992-இல் முடிந்த படம். அதை உருவாக்கிய யூகோ சாகோ முதலில் இங்கே வந்தது அனிமேஷனுக்காக அல்ல. ராமாயணத் தலங்களில் நடந்த அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க 1983-இல் வந்தார். அந்த வேலைக்கு நடுவே கதை அவரைப் பிடித்துக்கொண்டது. படம் ஜப்பானில் உருவானபோது ராம் மோகன் உள்ளிட்ட இந்தியக் கலைஞர்கள் உடன் இருந்தார்கள். வேட்டி எப்படிக் கட்டுவது, பெரியவர்களிடம் எப்படி ஆசி வாங்குவது என்பதையெல்லாம் ஜப்பானியக் கலைஞர்களுக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். காலில் விழும்போது முதுகு எப்படி வளையும், கை முதலில் எங்கே போகும் என்பது தெரிந்தவர் சொன்னால்தான் வரும்.

## சரி, செயற்கை நுண்ணறிவு என்ன செய்தது?

மேலே சொன்ன நான்கு சொற்களை இங்கே பொருத்திப் பாருங்கள்.

1. உங்கள் கல்யாணப் படத்தைக் கொடுத்து மாற்றச் சொன்னால், கேமரா நின்ற இடம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. லேஅவுட் உங்கள் போட்டோகிராபருடையது.

2. இடம் பார்க்க யாரும் போகவில்லை. மண்டபத்தின் தூண், வாழைமரம், சமையல்கட்டு வாசல் ஆகியவை ஏன் அங்கே இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை.

3. பின்னணி மென்மையாகிறது, நிறம் மாறுகிறது. புதிதாக எதுவும் அதில் நடப்பதில்லை.

4. மாறுவது பாணி மட்டும். ஏராளமான படங்களில் பயிற்சி பெற்ற மாடல், எந்த மாதிரிக் கோடும் நிறமும் அந்தப் பெயரோடு சேர்ந்து வருகின்றன என்பதைக் கணித்துப் போடுகிறது.

ஆக, ஜிப்லி தன் மூலங்களிடமிருந்து எடுத்ததும் இந்த வசதி ஜிப்லியிடமிருந்து எடுத்ததும் வேறு வேறு அடுக்குகள். குடும்பப் படத்தை ஆசையாக மாற்றிப் பார்த்தவர்கள்மீது குற்றம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றே என்ற வாதம் நிற்காது. ஜிப்லியின் ‘தி விண்ட் ரைசஸ்’ படத்தில் நான்கு நொடி மட்டும் வரும் ஒரு கூட்டக் காட்சிக்கு அனிமேட்டர் எய்ஜி யமமோரி ஒரு வருடம் மூன்று மாதம் வேலை செய்தார். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாக நடக்க வேண்டும் என்பதற்குத்தான் அத்தனை காலம்.

இந்தச் சமயத்தில் பரவிய ஒரு வீடியோவைப் பற்றியும் தெளிவுபடுத்த வேண்டும். செயற்கை நுண்ணறிவை மியாசாகி உயிருக்கே அவமானம் என்று கண்டிப்பதாகப் பகிரப்பட்ட அந்தக் காட்சி, 2016-இல் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் வந்த ஆவணப்படத்தில் உள்ளது. அவருக்கு அன்று காட்டப்பட்டது, தலையைக் காலாகப் பயன்படுத்தித் தரையில் ஊர்ந்து போகும் கணினி உருவம். உடல்நலிவால் கையை உயர்த்தவே சிரமப்படும் ஒரு நண்பரை நினைத்து, வலி என்றால் என்னவென்று யோசிக்காமல் செய்தது என்று கோபப்பட்டார். ஜிப்லி பாணிப் படங்களைப் பற்றிய கருத்து அல்ல அது. ஆனாலும் வரைகிறவன் உடலை அறிந்திருக்க வேண்டும் என்ற அவருடைய நிலை அதில் தெளிவாகவே இருக்கிறது.

## சட்டம் எங்கே நிற்கிறது?

1. பதிப்புரிமை யோசனையைக் காப்பதில்லை, அதன் வெளிப்பாட்டைத்தான் காக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவே இதைச் சொல்கிறது. பாணி மட்டும் என்றால் பொதுவாக அது யோசனையின் பக்கம் சேரும். குறிப்பிட்ட பாத்திரமோ காட்சியோ அப்படியே வந்தால் நிலைமை வேறு.

2. இந்தியாவில் இதற்கு அடிப்படை 1978-இன் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. தன் நாடகத்தைத் தழுவி ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படம் எடுத்துவிட்டார்கள் என்பது நாடக ஆசிரியரின் புகார். கருவுக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல் என்று ஐயமில்லாமல் தோன்றுகிறதா என்பதே அது வைத்த அளவுகோல். வழக்கில் ஆனந்த் தோற்றார்.

3. மாடலுக்குப் பயிற்சி கொடுக்கப் படைப்புகளை அனுமதியின்றி எடுக்கலாமா என்பது தனிக் கேள்வி. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ மீது ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இதைப் பற்றியது. ஜிப்லி உறுப்பினராக உள்ள, படைப்பு நிறுவனங்களின் பதிப்புரிமைக்காகச் செயல்படும் ஜப்பானின் கோடா அமைப்பும், அனுமதியின்றித் தங்கள் படைப்புகளைப் பயிற்சிக்கு எடுக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் ஓபன்ஏஐக்கு எழுதியது.

4. கட்டிடத்தைப் பார்த்து வரைபவருக்குச் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கட்டிடத்தை ஓவியமாகவோ புகைப்படமாகவோ ஆக்குவதை மீறலாகக் கருதுவதில்லை. அந்தக் கட்டிடத்தைப் போலவே இன்னொன்றைக் கட்டுவதுதான் சிக்கல்.

## ஒரு கட்டிடத்தின் முன் நின்று கேட்க வேண்டியவை

வரைய, எழுத, குறும்படம் எடுக்க விரும்புகிறவர்கள் விஸ்பிக்குப் போக வேண்டியதில்லை. மேலே பார்த்த உதாரணங்களிலிருந்து கேள்விகளை எடுத்துக்கொண்டால் போதும்.

1. இந்த வீட்டில் ஒருவர் மற்றவரைத் தாண்டாமல் போக முடியாத இடம் எது? கிகியின் முற்றம் அப்படிப்பட்டது. கதை பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.

2. கைக்கு எட்டாதது எது, அதை யார், எதைக் கொண்டு எட்டுகிறார்கள்?

3. எந்த வேலை போனதால் அல்லது வந்ததால் இந்தக் கட்டிடம் இப்படி ஆனது? பூட்டிய அரிசி ஆலைக்கும், ஆலையாக இருந்து கல்யாண மண்டபமாகிவிட்ட கூடத்துக்கும் வெவ்வேறு பதில் கிடைக்கும்.

4. உங்களிடம் பணமும் நேரமும் பாதிதான் இருக்கிறது என்றால், இவற்றில் எந்த ஒன்றை விடாமல் வரைவீர்கள்? ‘ஹைடி’ குழு அந்தக் குடிசையை வரைந்தது.